பச்சைக்கு நடுவில் நீலம்

காஞ்சிபுரத்தில் தறி எத்தனை என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. கோயிலும் அப்படித்தான். ஆனால் நான் படிப்பை முடித்த சமயத்தில், நெட்வொர்க் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று இருந்த இடங்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேஷன் படித்தேன். கடல் இல்லாத ஊரில் கப்பல் ஓட்டப் படித்தவள் என்று அப்பா பின்னாளில் என்னைக் கேலி செய்தார். படிக்கும்போதே சொல்லியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. சாஃப்ட்வேர் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்கள் பெட்டியோடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்வீட் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சாஃப்ட்வேர் போர்டைக் கழற்றிவிட்டு "ஹார்டுவேர் - நெட்வொர்க்கிங்" என்று புதுப் போர்டு மாட்டினார்கள். சாஃப்ட்வேர் போனாலும் கம்பி போகாது, கம்பி இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சென்டர் மேனேஜர் சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இழையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் புரியாதா என்ன?

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஊருக்குள்ள வேலைன்னா போ. மெட்ராஸ் பஸ்ல தொங்கிக்கினு போயி இருட்டுல திரும்பி வர்றதெல்லாம் நமக்கு ஆவாது." நான் தலையை ஆட்டினேன். ஊருக்குள் அந்த வேலை எத்தனை பேருக்கு இருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சென்டர் மேனேஜர் யோசித்திருப்பார், ஆனால் சொல்வாரா?

சென்டரில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏசி அறை. பூஜை அறைக்குள் போவதுபோல் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவோம். அங்கே ரவுட்டர் என்ற சாதனம் பாடத்தில் இருந்தது, படத்தில் இருந்தது, அறையில் மட்டும் இல்லை. சார் என்ன செய்தார் என்றால், நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு ஆளுக்கு ஒன்றில் உட்காரவைத்தார். "நீ ஒரு ரவுட்டர், நீ ஒரு ரவுட்டர்" என்றார். சேதிக்குப் பதிலாகக் கையில் துண்டுச் சீட்டைக் கொடுத்து, எந்தச் சீட்டை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி ரவுட்டர்கள் தூங்கிவிடும். சீட்டு அங்கேயே நிற்கும். "இதுதாம்பா நெட்வொர்க் டவுன்" என்பார் சார். நாங்கள் சிரிப்போம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அந்த சார் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று ரிசப்ஷன் பெண் சொன்னாள். போனவர் சர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டையும் மனசிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய செல்போன் நம்பரும் மாறிவிட்டது. நாங்கள் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகப் படித்துக்கொண்டிருந்தவர்கள். எங்கள் முன்னால் ஒரு சர்வர் இருந்தது. அதற்குள் நுழைய எங்களில் ஒருவருக்கும் வழியில்லை. தினமும் போய் அந்த நீலத் திரையில் பாஸ்வேர்டு கேட்கும் சின்னக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வருவோம். ஒருத்தன் அவருடைய குலதெய்வத்தின் பெயரைக்கூட அடித்துப் பார்த்தான். புது சார் வருவார் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். வரவே இல்லை. எரிச்சல் ஒரு பக்கம். யாரைத் திட்டுவது என்று தெரியாததுதான் பெரிய எரிச்சல்.

கைவேலையாக எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கேபிள் முனையில் ப்ளக் மாட்டுவது. சாம்பல் நிறக் கேபிளின் தோலை உரித்தால் உள்ளே மெல்லிய எட்டுக் கம்பிகள் இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நாலு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஜோடி ஒன்று. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்து, நிமிர்த்தி, வரிசைப்படுத்தி, கண்ணாடி மாதிரி இருக்கும் ப்ளக்குக்குள் நுழைத்து, ஒரு குறடால் அழுத்தவேண்டும். சார் இருந்த கடைசி வாரத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தார். போர்டில் நிற வரிசையை எழுதினார். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை வைத்திருந்தார். "இது மறந்துபோச்சுன்னா கவலைப்படாதீங்க. ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா போதும், வேலை செய்யும்" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். காந்தி ரோட்டில் பெரிய பட்டுக் கடை ஒன்று. மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் பில் போடும் கம்ப்யூட்டர் வைத்து எல்லாவற்றையும் இணைக்கவேண்டும். சென்டருக்கு அந்த வேலை கிடைத்திருந்தது. நாங்கள் செய்தால் அது எங்களுக்கு "ப்ராக்டிகல்", அவருக்கு வருமானம். நான் கோபித்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. கடை முதலாளி எங்களைப் பார்த்ததும் கேட்டார், "இத போட்டுட்டுப் போயிட்டீங்கன்னா அப்புறம் யாரு பாத்துக்குவாங்க?" மேனேஜர் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரித்தார். சொன்னேன். எங்கள் தெருவில் பாதித் தறிகள் அவர் கடைக்குத்தான் நெய்தன.

"ஆவணி முகூர்த்தம் ஒழுங்கா ஓடட்டும்மா. ஓடிச்சின்னா நீயே இங்க இருந்துக்கோ. பின் ரூம்ல சேர் போட்டுத் தரேன்" என்றார்.

காஞ்சிபுரத்துக்குள் ஒரு நெட்வொர்க் வேலை. அப்பா போட்ட நிபந்தனைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒன்று. இன்னொன்று வரும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை. வீடு வரைக்கும் நான் நடந்தேனா ஓடினேனா என்று இப்போதும் ஞாபகம் இல்லை.

கேபிள்களை அளவு பார்த்து வெட்டிவிட்டார்கள். ஆனால் முனைகளில் ப்ளக் மாட்டும் வேலையைக் கடையில் வைத்துச் செய்யக்கூடாது என்றார் மேனேஜர். எங்கள் கைக்கு நாலு ப்ளக்கில் மூன்று வீணாகும், அதை முதலாளி பார்க்கக்கூடாது என்பது அவர் கவலை. "நீ வீட்டுல வெச்சி முடிச்சி எடுத்துக்கினு வந்துடும்மா" என்று குறடு, ப்ளக் பை, சோதனை செய்யும் சின்ன விளக்குப் பெட்டி எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பினார். கேபிள் சுருள்கள் ஒரு மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வந்து, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவுக்குத் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நெடுக்காக ஓடும் இழைகளுக்குத்தான் பாவு என்று பெயர். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழையின் நுனியைச் சேர்க்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போடுவதில்லை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு திருகு, அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் அம்மா இதைச் செய்வாள். சாப்பிடும்போதுகூட அவள் கட்டைவிரல் ஓரத்தில் சாம்பல் இருக்கும்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. பிணைக்கும்போது ஒரு இழை இடம் மாறிவிட்டால் சேலை நெடுக அது கோடாகத் தெரியும். கடையில் தறிக்காரரைத்தான் பிடிப்பார்கள். அதனால் தப்பு தெரிந்த உடனே, பிணைத்தவள் தானாகப் போய் கடை முதலாளி முன்னால் நின்று, "பிணைச்ச கை என்னுது" என்று சொல்லிவிடவேண்டும். சொல்லிவிட்டால் தறிக்காரர் மேல் பழி வராது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு முறை அம்மா அப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தறியில் கரையில் வரவேண்டிய சிவப்பு இழை ஒன்று சேலையின் உடல் பகுதிக்குள் போய்விட்டது. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது. அம்மாவைப் பொறுத்தவரை தப்பு என்பது சொன்னால் தீர்ந்துவிடும் ஒரு விஷயம்.

அன்று நான் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னியிருந்த கம்பியைப் பிரித்தால் மறுபடி சுருண்டுகொண்டது. வரிசையாகப் பிடித்தால் ப்ளக் வாயில் போவதற்குள் ஒன்று நழுவியது. ப்ளக் மேல் ப்ளக்காகக் கெட்டது. கையில் இருந்ததைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடு இங்க. கம்பிய போயி இந்தப் பாடு படுத்துறியே" என்றாள்.

விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு இழு இழுத்தாள். சுருண்ட கம்பிகள் எட்டும் நிமிர்ந்து நின்றன. எந்த வரிசை என்று கேட்டாள். நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். அவள் கை பாதியில் நின்றது.

"இன்னாமா இது, பச்சை சோடிக்கு நடுவுல நீலம் பூந்துக்கினு இருக்குது? இழை மாறிப் போயிருக்குது பாரு."

"அப்படித்தாம்மா போட்டிருக்குது."

"எழுதனவன் மாத்தி எழுதிட்டிருப்பான். சோடிய யாராவது பிரிச்சி வெப்பாங்களா?"

எனக்கும் அது பல நாளாக உறுத்தியதுதான். ஆரஞ்சு ஜோடி சேர்ந்திருக்கிறது, பழுப்பு ஜோடி சேர்ந்திருக்கிறது, பச்சை மட்டும் ஏன் பிரிந்து நிற்கவேண்டும்? சார் சொன்னது ஞாபகம் வந்தது. "ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா போதும்னு சார் சொன்னாரும்மா" என்றேன்.

"அப்ப ஒழுங்காவே வெச்சிடலாம்" என்றாள் அம்மா.

ஆரஞ்சுக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் நீலம், அப்புறம் பழுப்பு. ஜோடி ஜோடியாக, பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக. அம்மா அடுக்கிக் கொடுத்தாள், நான் ப்ளக்கை மாட்டி அழுத்தினேன். அதன் பிறகு ஒரு ப்ளக்கும் வீணாகவில்லை. விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தால் ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக எரிந்தது. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு கேபிளையும் அவளே மாட்டிப் பார்த்தாள். "எங்களுக்கும் இந்த மாதிரி ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். இழைக்கு ஒரு விளக்கு" என்றாள். நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் ஒரு வேலையும் செய்ததில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்திருந்தது, அதுவும் என் படிப்பிலிருந்து.

கடையில் கொண்டுபோய் மாட்டினோம். ஓடியது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எப்போதோ ஒரு பில் போகும், ஒழுங்காகப் போகும். பின் அறையில் எனக்கு நிஜமாகவே ஒரு சேர் போட்டார்கள். சுழலும் சேர். அம்மா தெருவில் யாரைப் பார்த்தாலும், "எங்க பொண்ணு காந்தி ரோட்டுக் கடைல ஏசி ரூம்ல உக்காந்துக்கினு இருக்குது" என்று சொல்லிக்கொண்டு போனாள். நெசவுக்காரர்கள் அந்தக் கடைக்குள் போவது பின்வாசல் வழியாக, நெய்த சேலையைக் கொடுக்கிற அறை வரைக்கும்தான். நான் முன்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வேன் வேனாகக் கல்யாண வீட்டார் வந்து இறங்கினார்கள். மூன்று மாடியிலும் ஒரே நேரத்தில் பில் போட ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் முதல் மாடி நின்றது. ஓடிப்போய் அதைப் பார்ப்பதற்குள் இரண்டாம் மாடி நின்றது. பிறகு எல்லாம் நின்றன.

நான் செய்யத் தெரிந்ததெல்லாம் செய்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடி நின்றது. கேபிளைக் கழற்றி விளக்குப் பெட்டியில் மாட்டினேன். எட்டு விளக்கும் எரிந்தன. ஒவ்வொரு கேபிளுக்கும் எட்டும் எரிந்தன. ஒன்று எரியாமல் இருந்திருந்தால் எனக்குக் கும்பிடவேண்டும்போல் இருந்திருக்கும்; இதுதான் கோளாறு என்று பிடித்துக்கொண்டிருப்பேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றும் ஓடவில்லை. கம்ப்யூட்டரில் ஏதாவது செட்டிங் தப்பாக இருக்குமோ என்று தேடினேன். எங்கே தேடுவது என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் துண்டுச் சீட்டைத் தள்ளிப் பழகியவள்தானே. சென்டருக்கு போன் செய்தால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா" என்றார் மேனேஜர்.

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும். பழைய பில் புக்கை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் கல்யாணச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினாள். கேஷியர் ஸ்விட்ச் பெட்டி மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் குங்குமம் பூசினார். கேலிக்குச் செய்யவில்லை, நிஜமான நம்பிக்கையோடுதான் செய்தார். எனக்கு அதைவிட உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் அழுகையாக வந்தது. பின் அறையின் சேரில் உட்கார்ந்து, பெட்டியை அணைப்பதும் போடுவதுமாக இருந்தேன். மாடியிலிருந்து "ஏ கம்ப்யூட்டர் பொண்ணு, போச்சு" என்று குரல் வரும்போதெல்லாம் மாடிப்படியில் ஓடுவேன். வீட்டில் அம்மா கேட்டால் "கூட்டம் ஜாஸ்திம்மா" என்று மட்டும் சொல்வேன்.

கடைசியில் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். கையில் மஞ்சளாக ஒரு கருவி வைத்திருந்தார். ஒரு கேபிளை அதில் மாட்டினார், திரையைப் பார்த்தார், கேபிளைக் கழற்றி ப்ளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"கலர் ரொம்ப அழகா அடுக்கியிருக்கீங்க" என்றார். பிறகு கட்டரை எடுத்து அந்த முனையை வெட்டிப் போட்டார்.

ஒவ்வொரு கேபிளாக, இரண்டு முனையையும் வெட்டினார். அம்மா சாம்பல் தொட்டு நிமிர்த்திய நுனிகள் தரையில் விழுந்தன. நான் பொறுக்கி ஒரு பையில் போட்டேன். பச்சைக்கு நடுவில் நீலத்தை வைத்து அவர் புது ப்ளக் மாட்டினார். சாயங்காலத்துக்குள் மூன்று மாடியும் ஒரே சமயத்தில் பில் போட்டன. ஒரு தடவைகூட நிற்கவில்லை. "ஏன் சார் அப்படி வெக்கணும்?" என்று கேட்டேன். "ஸ்டாண்டர்டு அப்படித்தாங்க" என்றார் அவர். முதலாளியிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ப்ளக் கொஞ்சம் சரியில்ல சார், மாத்திட்டேன்" என்றார். அந்த உதவியை நான் மறக்கமாட்டேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "புதுசுதான, பழகிக்கும். திங்கக்கிழமை வாம்மா, ஒரு முடிவு சொல்றேன்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஏன் அப்படி வைக்கவேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். பின்னாளில் வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கும்போது தெரிந்துகொண்டேன். ஜோடியில் உள்ள இரண்டு கம்பியும் ஒரே சேதியைச் சேர்ந்து சுமப்பவை. ஒன்றோடொன்று பின்னியிருப்பதால்தான் பக்கத்து ஜோடியின் சத்தம் அவற்றுக்குள் நுழைவதில்லை. ப்ளக்கில் மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் ஒரு சேதிக்கு உரியவை. அதனால்தான் பச்சை ஜோடி பிரிந்து நின்று அந்த இரண்டு இடத்தையும் பிடிக்கிறது. எங்கள் வரிசையில் அந்தச் சேதி ஒரு காலைப் பச்சையிலும் இன்னொரு காலை நீலத்திலும் வைத்து நடந்தது. கூட்டம் இல்லாதபோது எப்படியோ நடந்துவிடும். கூட்டம் வந்தால் தடுக்கி விழும். விளக்குப் பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அன்று இது ஒன்றும் தெரியாமல் வீட்டுக்குப் போனேன். அம்மா பையிலிருந்த வெட்டிய முனைகளைப் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அலுத்துப்போயிருந்தேன், யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஒரு முனையை எடுத்து விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப பச்சைக்கு நடுவுல நீலம் வரணுமா?"

"ஆமாம்மா."

"ஏன்?"

"தெரியலம்மா."

"அவ்ளோ நாள் படிச்சியே, சொல்லித் தரலியா?"

"இல்லம்மா."

அம்மா முனையைப் பைக்குள் திரும்பப் போட்டாள். திங்கட்கிழமை முதலாளி முடிவு சொல்கிறேன் என்றதைச் சொன்னேன். "கோவமா இருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். "கோவமா இல்லம்மா, ஆனா என்ன சொல்வாரோன்னு பயமா இருக்குது" என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் பயமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை காலை எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. எங்கேயோ பாவு பிணைக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். கோயிலுக்குப் போய்விட்டு, கடை திறந்து கொஞ்சம் கழித்துப் போனேன். கடை வாசலை நெருங்கும்போது, முன்வாசல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"சொல்லிட்டேம்மா. பிணைச்ச கை என்னுது, பொண்ணு மேல தப்பு இல்லன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. "ரொம்ப நல்ல மனுசன். உள்ள கூட்டிக்கினு போயி உன் ரூம்லயே உக்கார வெச்சாரு. அந்தச் சுத்துற சேர்ல. காபி வரவழைச்சிக் குடுத்தாரு. இனிமே பயப்படாம போ."

போனேன். முதலாளி என்னை நிற்கவைத்துப் பேசவில்லை, உட்காரச் சொன்னார்.

"உங்கம்மா வந்தாங்க. அந்த மாதிரி மனுசிங்க இப்ப கெடையாது" என்றார். அப்புறம் எதிரில் இருந்த பில் கட்டைச் சரிசெய்துகொண்டே, "ஆனா ஏம்மா, கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணுன்னு நம்பிதான உன்கிட்ட குடுத்தேன்? நீ வீட்டுல பாவு பிணைக்கறவங்ககிட்ட குடுத்து செஞ்சிக்கினு வந்திருக்க. முகூர்த்த நேரத்துல என் கடை நின்னுச்சேம்மா" என்றார்.

சார் சொன்னதை, பாஸ்வேர்டு போனதை, நாற்காலி ரவுட்டர்களை, விளக்குப் பெட்டி எரிந்ததை எல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது? எதைச் சொன்னாலும் அது எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத்தான் சொல்லும். மெட்ராஸ் பையன் வாரம் ஒரு தரம் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான் என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், எனக்குக் கோபம் வருவது பெரிய விஷயமில்லை. அவர் வருத்தமாகத்தான் சொன்னார். பின் அறைக்குப் போய் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டேன். சேருக்குப் பக்கத்தில், ஸ்விட்ச் பெட்டி மேல், அம்மா குடித்துவிட்டு வைத்த காபி டம்ளர் இருந்தது.

வெளியே வந்தால் அம்மா இன்னும் போகவில்லை. எதிர்ச்சாரியில் பூக்கடை நிழலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் புகுந்து ரோட்டைக் கடந்து வந்தாள். கையில் எனக்காக ஒரு முழம் பூ.

"எப்பலேந்து வரச் சொன்னாரு?"

நான் பூவை வாங்கிக்கொண்டேன். "ஆயுத பூஜை முடியட்டும்னு சொன்னாரும்மா."

"அதுவும் நல்லதுதான். நல்ல நாள் பாத்து ஆரம்பிச்சிக்கலாம்."

வீட்டுப் பக்கம் நடந்தோம். பிறகு அம்மா, அன்று நான் நோட்டைப் பார்த்துச் சொன்னதை மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பவள்போல், விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. சரிதான? அடுத்த வாட்டி மாறாது, நீ பயப்படாத."

எட்டும் சரியாக இருந்தது. சரிதாம்மா என்றேன்.